இருபத்துநாலு பேரும் அமைதி

ஜூன் 3, திங்கள்

இந்த டைரியைக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தார்கள். நீல அட்டை. அட்டையில் ஒரு வெள்ளைக்காரி சிரிக்கிறாள், அவள் மண்டைக்குள் வயர் வயராக ஓடுகிறது. 'உங்கள் அனுபவங்களைத் தினமும் எழுதுங்கள், நான்கு வாரம் கழித்து வாங்கிக்கொள்கிறோம்' என்றார்கள். வாங்கிக்கொள்வார்களாம். தனித்தாளில் நாலு வரி நல்லதாக எழுதிக் கொடுத்துவிட்டு, இதில் எனக்குத் தோன்றுவதை எழுதப்போகிறேன். நல்ல பேப்பர், வீணாக்குவானேன்.

பெயர் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அமலோற்பவம். வயது 52. மனநல மருத்துவமனை, பெண்கள் வார்டு இன்சார்ஜ் நர்ஸ். அனுபவம் 27 வருடம். அனுபவத்துக்கு இரண்டே இலக்கம் எழுதுகிற அளவுக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

இனிமேல் எங்கள் வார்டில் செயற்கை நுண்ணறிவு நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும். அதற்கு 'மனத்துணை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஹாலின் நாலு மூலையிலும் கேமரா. நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு திரை. நோயாளி ஒவ்வொருவரும் தினமும் பத்து நிமிஷம் அதன் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் எழுதும் குறிப்புகளையும் அது படிக்கும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஒவ்வொரு பேருக்கும் எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பொட்டு வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. மலம் அள்ளாது, பேன் பார்க்காது, கடி வாங்காது. ஆனால் அது சூடாகக் கூடாது என்று இன்று ஏசி மாட்டினார்கள். இருபத்தேழு வருஷமாக நாங்கள் கேட்ட ஏசி.

"மகாராணி வந்துட்டா" என்றேன். ஜூனியர் நர்ஸ் நாகஜோதி சிரித்துவிட்டாள். அதே பேர் நிலைத்துவிடும் போலிருக்கிறது.

கம்பெனிப் பையன் பேர் நிவேதன். சென்னையிலிருந்து வந்திருக்கிறான். எங்கள் கருத்தை அறிய ஒரு படிவம் கொடுத்தான். பத்துக் கேள்வி, ஒன்று முதல் ஐந்து வரை வட்டம் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மூன்று போட்டேன். மூன்று போட்டால் யாரும் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

குறிப்பு எழுதும் நோட்டை எடுத்துப் பூட்டிவிட்டார்கள். இனி மகாராணியிடம்தான் டைப் அடிக்க வேண்டும்.

வார்டில் இருபத்துநாலு பேர். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். ஒன்றரைக்கு உட்கார்ந்து இருபத்துநாலு பேருக்கும் குறிப்பு எழுதி முடிப்போம். 'பேஷண்ட் காம் அண்ட் கோஆபரேட்டிவ். நோ ஃப்ரெஷ் கம்ப்ளைன்ட்ஸ்.' பேஷண்ட் அமைதியாக உள்ளார், ஒத்துழைக்கிறார், புதிதாகத் தொந்தரவு இல்லை. பேனாவில் எனக்கு இருபது நிமிஷம் ஆகும். இதில் என்ன வேடிக்கை என்றால், பேரைத் தொட்டதும் மகாராணியே கேட்கிறாள், 'நேற்றைய குறிப்பை அப்படியே இடலாமா?' இடு தாயே. இருபத்துநாலு தடவை தட்டினேன். மூன்று நிமிஷம்.

இது ஒன்றுதான் அவளால் ஆன உபகாரம்.

ஜூன் 6, வியாழன்

நாகஜோதி வேலைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. இன்று மதியம் என்னிடம் கேட்டாள். "அக்கா, நீங்க ஷிப்டு கை மாத்தும்போது ஒவ்வொருத்தரைப் பத்தியும் அவ்வளவு சொல்றீங்க. பதினாறாம் பெட்டு மாத்திரையைக் கன்னத்துல ஒதுக்குறா, மூணாம் பெட்டு காலையிலருந்து கைய பிசையுறான்னு. அதை ஏன் எழுத மாட்டேங்குறோம்?"

"எழுதுனா கேப்பாய்ங்க."

"என்ன கேப்பாங்க?"

"மாத்திரை ஒதுக்குறான்னு எழுதுனா, அப்ப நீ என்ன செஞ்ச, ஏன் விட்டன்னு மெமோ குடுப்பாய்ங்க. வாயில சொன்னா அடுத்த ஷிப்டுக்காரி பாத்துக்கிடுவா. பேஷண்டுக்குத் தேவையானது வாயில. பேப்பர்ல இருக்கறது நமக்குத் தேவையானது."

எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். எனக்கும் மூத்த சிஸ்டர் ஒருவர் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். நாகஜோதி தலையாட்டினாள். புத்திசாலிப் பெண்.

ஜூன் 8, சனி

ஒன்பதாம் பெட் தமயந்தியைப் பற்றி எழுத வேண்டும். முதல் தேதி வந்தவள். வயது 36, நத்தம் பக்கம், வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். பூச்சிமருந்தைக் குடித்துப் பெரியாஸ்பத்திரியில் பிழைத்து, அங்கிருந்து இங்கே வந்தாள். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. வீட்டுக்காரர் பாண்டியராஜன் தினமும் வந்து வெளியே மரத்தடியில் நின்று அழுகிறார்.

வந்த ஒரு வாரமும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். இன்று எழுந்து குளித்து, பொட்டு வைத்து, மகாராணியிடம் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். மஞ்சள் பொட்டு பச்சையானது.

சின்ன டாக்டர் தீபன் ரவுண்ட்ஸ் வந்தபோது அவருக்கு ஒரே மகிழ்ச்சி. இவர் ஆஸ்பத்திரியை நடத்தும் பெரிய டாக்டரின் மகன். மகாராணியை இங்கே குடியேற்றியவர் இவர்தான். "பாத்தீங்களா சிஸ்டர், நம்மகிட்ட பேசாதவங்க இதுகிட்ட பேசுறாங்க" என்றார்.

பேசுவார்கள் சார். சாமி சிலையிடமும்தான் பேசுகிறார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

காலைப் பூசை. கோழிக்குழம்பு. மகாராணியை நினைக்கவில்லை.

ஜூன் 12, புதன்

நாலாம் பெட் சுப்பம்மாளுக்குக் காலையில் மகாராணி சிவப்பு காட்டினாள். 'நடை தடுமாற்றம், கை நடுக்கம் அதிகரிப்பு.' அறுபத்து மூன்று வயசுக் கிழவி நடந்தால் தடுமாறாமல் பரதநாட்டியமா ஆடுவாள்? நான் கண்டுகொள்ளவில்லை. நாகஜோதிதான் பயந்துபோய் டாக்டருக்குச் சொல்லி ரத்தம் எடுக்க வைத்தாள். லித்தியம் மருந்து ரத்தத்தில் ஏகத்துக்கு ஏறியிருக்கிறதாம். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கோமாவாகியிருக்குமாம்.

குருட்டு அதிர்ஷ்டம். சொல்லப்போனால் நானும் மதியம் பார்த்திருப்பேன்.

நிவேதன் போனில் யாரிடமோ "பத்து நாளிலேயே ஒரு உயிர்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஊசி போட்டது யார், வயிற்றுப்போக்குத் துடைத்தது யார் என்று அவன் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஜூன் 15, சனி

தமயந்தி பச்சை. சாப்பாடு மிச்சம் வைப்பதில்லை. எல்லோருக்கும் தலை பின்னிவிடுகிறாள். பாண்டியராஜன் இன்று அழவில்லை, லட்டு கொண்டுவந்தார்.

இருபத்துநாலும் தட்டியாயிற்று.

ஜூன் 18, செவ்வாய்

மகாராணியிடம் எப்படிப் பேசினால் பச்சை கிடைக்கும் என்று வார்டில் ஒரு பாடத்திட்டமே உருவாகிவிட்டது. 'தூக்கம் நல்லா வருது' என்று ஆரம்பிக்க வேண்டுமாம். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை, அடுத்த மாசம் செய்யப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை. 'செத்துப்போகணும்னு தோணுதா' என்று அது கேட்டால் உடனே இல்லை என்று சொல்லக் கூடாதாம். கொஞ்சம் யோசித்து, 'முன்னாடி தோணுச்சு, இப்ப இல்ல' என்று சொல்ல வேண்டுமாம். பதினாறாம் பெட் எனக்கே வகுப்பு எடுத்தாள்.

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"தமயந்தி அக்காதான்."

படித்தவர்கள் சேர்ந்து கோடி கோடியாகக் கொட்டிச் செய்த பொம்மையை எட்டாம் வகுப்புப் படித்த தையல்காரி ஒரே வாரத்தில் பழக்கிவிட்டாள். மதியம் வரை சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. எதற்காக அவள் இவ்வளவு மெனக்கெட்டுப் பழக்கினாள்?

ஜூன் 20, வியாழன்

தமயந்தி தன் புது நைட்டியை மூன்றாம் பெட்டுக்குக் கொடுத்துவிட்டாள். தலைக்கு வைக்கும் கிளிப்பைப் பதினாறாம் பெட்டுக்கு. "வீட்டுக்குப் போறேன்ல சிஸ்டர், அங்க எல்லாம் இருக்கு" என்றாள். என் கையைப் பிடித்து, "உங்கள மறக்க மாட்டேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் இல்லை, நடுக்கம் இல்லை. முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

இந்த முகத்தை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அது வேறு விஷயம்.

மதியம் ஷிப்டு சிஸ்டரிடம் சொன்னேன், "ஒன்பதாம் பெட்டப் பாத்துக்கங்க. நல்லா இல்ல. ரொம்ப நல்லா இருக்கா." அவள் புரிந்துகொண்டாள். எங்களுக்குள் இது போதும். குறிப்பில் வழக்கம்போலத் தட்டினேன். 'ரொம்ப நல்லா இருக்கா' என்று எழுதினால் எவனுக்குப் புரியும்?

ஜூன் 22, சனி

தட்டியாயிற்று. மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

காலையில் எல்லா நர்ஸ்களையும் கூட்டி நிவேதன் படம் போட்டான். மகாராணி எப்படி இவ்வளவு அறிவாளியானாள் என்று விளக்கம்.

நம் ரெக்கார்டு ரூமில் இருந்த பதினொரு வருஷத்து நர்ஸ் குறிப்புகளை ஸ்கேன் எடுத்துப் படிக்கக் கொடுத்தார்களாம். எப்படி எழுதப்பட்ட நோயாளி குணமானார், எப்படி எழுதப்பட்டவர் திரும்ப வந்து சேர்ந்தார் என்று அதுவே கண்டுபிடித்துக்கொண்டதாம். "ஸோ, இது எங்க அறிவு இல்லை சிஸ்டர்ஸ். உங்க அறிவுதான்" என்று சொல்லி அவனே கைதட்டினான்.

நான் கேட்டேன். "குணமானாங்கன்னு எப்படித் தம்பி தெரியும்?"

"டிஸ்சார்ஜுக்கு அப்புறம் ரீஅட்மிஷன் இல்லைன்னா குணம்னு எடுத்துக்கிட்டோம்."

"திரும்பி வராதவங்க எல்லாரும் குணமானவங்க."

"கரெக்ட் சிஸ்டர்."

உதாரணத்துக்கு ஒரு நோயாளியைத் திரையில் போட்டான். பேரை மறைத்திருந்தார்கள். பெண், 44 வயது, ஆசிரியை, ஒன்பதாம் பெட், 2013 ஆகஸ்ட். பதினெட்டு நாளும் அமைதி, ஒத்துழைப்பு, தொந்தரவு இல்லை. வீட்டுக்குப் போனார், பதினொரு வருஷமாகத் திரும்பி வரவே இல்லை. "ஐடியல் கேஸ். இந்த மாதிரி பேட்டர்ன் வந்தா சிஸ்டம் தைரியமா பச்சை குடுக்கும்" என்றான்.

ஃபேன் காற்று நேராக முகத்தில் அடித்ததில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. படத்தை மட்டும் கலர் கலராகப் போடத் தெரியும்.

ஜூன் 25, செவ்வாய்

ரெக்கார்டு ரூமுக்குப் போனேன். வேறு வேலையாகத்தான் போனேன். 2013 கட்டு கீழ்த்தட்டில் இருந்தது.

சரோஜினி டீச்சர். எனக்கு ஞாபகம் இருந்தது சரிதானா என்று பார்த்தேன், அவ்வளவுதான். பதினெட்டு நாளில் பதினைந்து நாள் காலைக் குறிப்பு என் கையெழுத்து. டிஸ்சார்ஜ் அன்றைக்குக்கூட 'காம் அண்ட் கோஆபரேட்டிவ்' என்று எழுதியிருக்கிறேன். காலை எட்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிட்டவருக்கு ஒன்றரை மணிக்கு எழுதியிருக்கிறேன். போனதுகூடத் தெரியாமல் வரிசையில் எழுதிக்கொண்டே போயிருக்கிறேன்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக் கிணற்றில். ஊரே பேசியது. ஆஸ்பத்திரிக்கு யாரும் எழுதித் தரவில்லை, அதனால் ஃபைலில் அது இல்லை.

அன்றைக்கும் நான் வாயில் சொன்னேன். 'டீச்சர் சிரிப்பு எனக்குப் பிடிக்கல' என்று அடுத்த ஷிப்டுக்காரியிடம் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அவள் இப்போது மஸ்கட்டில் இருக்கிறாள், வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

நேரமாகிவிட்டதால் இன்றும் தட்டிவிட்டேன்.

ஜூன் 26, புதன்

தமயந்திக்கு நாளைக் காலை பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ். பாண்டியராஜன் கார் சொல்லிவிட்டார்.

சின்ன டாக்டர் அறைக்குப் போனேன். நிவேதனும் இருந்தான். "சார், ஒன்பதாம் பெட்ட இப்ப அனுப்ப வேணாம். அந்தப் பொண்ணு முடிவு பண்ணிருச்சு. அதான் அமைதியா இருக்கு" என்றேன். நைட்டி, கிளிப், மகாராணியை ஏமாற்றச் சொல்லித்தந்த பாடம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "சிஸ்டர், நீங்க வாயால சொல்றத வச்சு நான் ஒருத்தரைப் பிடிச்சு வைக்க முடியாது. அவங்களா விரும்பி வந்து சேர்ந்தவங்க. அவங்களே போறேங்குறாங்க. புருஷன் கேக்குறாரு. மனத்துணை பச்சைங்குது."

"அது ஒரு தகரடப்பா சார்! அதுக்கு என்ன தெரியும்?"

டாக்டருக்குக் கோபம் வந்தது. திரையை என் பக்கம் திருப்பினார். "அது என்னத்தைப் படிச்சுச் சொல்லுதுன்னு பாருங்க. ஒன்பதாம் பெட்டு, காலை ஷிப்டு. மூணாம் தேதியிலருந்து நேத்து வரைக்கும் இருபது குறிப்பு. காம் அண்ட் கோஆபரேட்டிவ். இருபதும் உங்க பேர்ல. சுவத்தப் பாத்துப் படுத்திருந்த நாள்லகூட அதையேதான் எழுதிருக்கீங்க. அப்ப யாரு சிஸ்டர் தகரடப்பா?"

நிவேதன் தரையைப் பார்த்தான்.

வெளியே வந்து, கை கழுவும் இடத்தில் நின்று கொஞ்ச நேரம் கையைக் கழுவினேன். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது அதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து சோறு தின்னப் பிடிக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஏழு மணிக்கே போய் மகாராணி முன்னால் உட்கார்ந்தேன். தமயந்தி பேரைத் தொட்டேன். 'நேற்றைய குறிப்பை அப்படியே இடலாமா?' வேண்டாம் என்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. இத்தனை நாளில் அதை நான் பார்த்ததே இல்லை. தமிழிலேயே டைப் அடித்தேன்.

'இந்த நோயாளியைப் பற்றி 3.6 முதல் 25.6 வரை நான் இட்ட இருபது குறிப்புகளும் நோயாளியைப் பார்த்து எழுதியவை அல்ல. பழக்கத்தில் இட்டவை. அவற்றை நம்ப வேண்டாம். உண்மையில் நான் கண்டது...' என்று தொடங்கி, நைட்டி முதல் எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் இதையும் சேர்த்தேன். '2013 ஆகஸ்டில் ஒன்பதாம் பெட்டில் இருந்த ஆசிரியை குணமாகவில்லை. வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் தற்கொலை செய்துகொண்டார். அவரைப் பற்றி நான் எழுதியதும் இதே போன்றதுதான்.' கீழே பேரும் பதிவு எண்ணும்.

எட்டரைக்குச் சின்ன டாக்டர் ஓடிவந்தார். பின்னாலேயே நிவேதன். அவன் முகம் வெளுத்திருந்தது.

"சிஸ்டர், மத்த குறிப்பெல்லாம்? இந்தப் பதினோரு வருஷம்?"

"எல்லாம் அப்படித்தான் தம்பி. நான் மட்டுமில்ல, எல்லாரும்."

"அப்ப இது எதை வச்சுக் கத்துக்கும்?"

"அதை நீ வந்த அன்னிக்கே எங்ககிட்ட வாயால கேட்டிருக்கணும். நீ படிவம் குடுத்த."

சின்ன டாக்டர் இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னார், "இருபத்துநாலு மணி நேரம் நிறுத்திவச்சுப் பரிசோதிக்கச் சட்டத்துல இடம் இருக்கு. அதுக்கு மேல அந்தம்மாவே வாயத் தொறந்து சொன்னாத்தான். இல்லன்னா நாளைக்குப் பதினோரு மணிக்கு அனுப்பித்தான் ஆகணும். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்." அப்பா என்றால் பெரிய டாக்டர். பத்து நிமிஷத்தில் அவரே என் போனுக்கு வந்துவிட்டார். இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. பொய்க் குறிப்பு எழுதியதாக நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆஸ்பத்திரி என்ன ஆகும் என்றார். சரோஜினி டீச்சர் பேரை ஏன் இழுத்தாய் என்று கத்தினார், பேரை எழுதவில்லை என்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம், கடிதம் வரும் என்றார்.

ஆக, எனக்கு இன்று ஒரு நாள்தான் இருந்தது.

தமயந்தியிடம் விஷயத்தைச் சொன்னார்கள். "பரவால்ல, நாளைக்குப் போறேன்" என்று சிரித்தாள். பதினொன்றுக்கு வந்த பாண்டியராஜன் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பதாம் பெட் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சரோஜினி டீச்சர் கதையைச் சொன்னேன். அவர் எப்படிச் சிரித்தார், கிளம்புவதற்கு முந்தின நாள் எனக்கு ஒரு பேனா கொடுத்தார், அந்தப் பேனாவாலேயே அவர் அமைதியாக இருக்கிறார் என்று எழுதினேன், எல்லாம் சொன்னேன். இதை இதுவரை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

தமயந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னாள். "அவங்க நிம்மதியாப் போயிட்டாங்க. உங்களுக்கு என்ன சிஸ்டர்?"

"நீயும் அப்படிப் போலாம்னு இருக்கியா?"

மாலை டிபன் தட்டு அவள் மடியில் இருந்தது. அதை அப்படியே தூக்கி என்மேல் எறிந்தாள். சாம்பார் கழுத்து வழியே இறங்கியது.

"மூணு வாரம்! மூணு வாரமாச் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வாயெல்லாம் வலிக்குது. அந்த மிஷினு நம்புச்சு. டாக்டர் நம்புனாரு. என் வீட்டுக்காரரு லட்டு வாங்கிட்டு வந்தாரு. எல்லாரும் நம்புனாங்க. உனக்கு மட்டும் என்னடி கேடு? நீயும்தான இருபது நாளா நல்லா இருக்கேன்னு எழுதுன? அதையே எழுதித் தொலைக்க வேண்டியதுதான? பெரிய இவ! நல்லவ மாதிரி இப்ப வந்து உக்காந்திருக்கா!"

வார்டே எழுந்து நின்றது. நாகஜோதி ஓடிவந்தாள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். தமயந்தி என் குலம் கோத்திரம் எதையும் விடவில்லை. நத்தம் பக்கத்து வசவு. அவ்வளவும் எனக்கு உரியதுதான், ஒன்றைக்கூட மறுப்பதற்கில்லை. நாற்பது நிமிஷம் கத்தினாள். பிறகு கத்தல் அழுகையானது. அழுகைக்கு நடுவில்தான் சொன்னாள்.

"திங்கக்கெழமை. பாப்பாவுக்குச் சடை போட்டு, வேன்ல ஏத்திவிட்டுட்டு. ஒம்போதே கால். அந்நேரம் வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க."

டாக்டரை அழைத்தேன். அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்து, அவள் வாயாலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டிஸ்சார்ஜ் ரத்து. பாண்டியராஜனுக்குப் போன் போனது. போனில் அந்த மனுஷன் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

ஆறு மணிக்குச் சாம்பார்ச் சேலையோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 29, சனி

கடிதம் வந்தது. பதிவேடுகளில் உண்மைக்கு மாறாக எழுதியதற்கு விளக்கம் கேட்டு. ஏழு நாளுக்குள் பதில் தர வேண்டும், அதுவரை தற்காலிகப் பணிநீக்கம். என்ன விளக்கம் எழுத. எழுதத் தெரிந்தவளாக இருந்தால் அப்போதே எழுதியிருப்பேன்.

நாகஜோதி போன் செய்தாள். மகாராணியைக் கம்பெனி அணைத்துவைத்திருக்கிறதாம், பழசையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து படிக்க வைக்கப்போகிறார்களாம். நிவேதன் மேஜைப் பக்கம் நின்று, இனிமேல் பார்ப்பதை அப்படியே எழுதுங்கள் என்று கெஞ்சுகிறானாம். மதியம் ஒன்றரைக்கு எல்லோரும் உட்கார்ந்து டைப் அடிக்கத் தொடங்கி, நாலரை மணிக்கும் முடியவில்லையாம்.

"என்னைத்தான் திட்டுறாங்களாக்கும்?"

"ஆமாக்கா. ரொம்பத் திட்டுறாங்க."

திட்டட்டும். தமயந்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். யாரோடும் பேசுவதில்லையாம், சாப்பிடுவதுமில்லையாம். பொட்டு வைக்கவில்லையாம்.

ஜூலை 1, திங்கள்

பார்வையாளர் நேரம் பத்து மணிக்குத்தான். நான் எட்டே முக்காலுக்கே கேட்டில் நின்றேன். இருபத்தேழு வருஷம் சலாம் போட்ட வாட்ச்மேன் என்னை ஆதார் அட்டை கேட்டார். ரெஜிஸ்டரில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தெரியவில்லை. கோடு போட்டேன். நாகஜோதி வந்து டாக்டரிடம் அனுமதி வாங்கி உள்ளே விட்டாள்.

தமயந்தி வேப்ப மரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரவில்லை. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, செத்தனா இல்லையான்னு பாக்க?" என்றாள்.

"ஆமா" என்று உட்கார்ந்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைத்தேன். நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரோட்டில் பள்ளிக்கூட வேன் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அவள் உடம்பு விறைத்தது. நான் அவள் கையைப் பிடித்தேன், தட்டிவிட்டாள். மறுபடி பிடித்தேன், இந்தத் தடவை தட்டிவிடவில்லை. என் மணிக்கட்டில் இருந்த கைக்கடிகாரத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது பத்து. ஒன்பதே கால். ஒன்பது இருபது. ஒன்பதரை.

"வேலையையும் விட்டுத் தொரத்திட்டாங்களாமே" என்றாள்.

"ஆமா."

"நல்லா வேணும்."

பிறகு ஒரு இட்லியை எடுத்தாள். சட்னியில் உப்பில்லை என்றாள், இட்லி கல்லு மாதிரி இருக்கிறது என்றாள், இப்படிச் சமைத்தால் கட்டின புருஷன் எப்படித்தான் தின்கிறானோ என்றாள். திட்டிக்கொண்டே மூன்று இட்லி சாப்பிட்டாள்.

"நாளைக்கு வேற ஏதாச்சும் கொண்டாறேன். பொங்கல் பிடிக்குமா?"

கை கழுவி, சேலையில் துடைத்துக்கொண்டு வார்டைப் பார்த்து நடந்தாள். படியில் கால் வைத்த பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"பொங்கல்னா வடையோட கொண்டா. வெறும் பொங்கல எவ திம்பா."